மூளைக் கட்டி ஆபரேஷனுக்கு முன் இரண்டாவது எம்.ஆர்.ஐ. எதற்கு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

#1 நீலத்தும்பி

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் வாசித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தேன். இன்றைக்கு எழுத வேண்டி வந்துவிட்டது.

என் அக்காவுக்கு வயது 38. பள்ளியில் கணக்கு டீச்சர். ஐந்து வாரத்துக்கு முன்னால் வகுப்பில் பேசிக்கொண்டிருந்தவள் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டாள். ‘என்ன சொல்லணும்னு மனசுக்குத் தெரியுது, வாய்க்கு வரல’ என்றாள் பிறகு. வலது கன்னம் மட்டும் துடித்திருக்கிறது. ஒரு நிமிடத்துக்குள் சரியாகிவிட்டது. அது வலிப்பில் ஒரு வகை என்று சொல்லி எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். இடது முன்மடலில் கீழ்ப்பக்கமாகச் சுமார் 4 செ.மீ. கட்டி. ‘கான்ட்ராஸ்ட் ஏறவில்லை, குறைந்த கிரேடு கிளையோமாவாக இருக்கலாம்’ என்று ரிப்போர்ட். அதாவது மெதுவாக வளரும் ஒரு வகை மூளைக் கட்டியாம்.

ஆபரேஷன் என்று முடிவாகிவிட்டது. ஆனால் அதற்கு முன் மறுபடியும் எம்.ஆர்.ஐ. வேண்டும் என்கிறார் டாக்டர். சீட்டில் நேவிகேஷன், எஃப்.எம்.ஆர்.ஐ., டி.டி.ஐ. என்று மூன்று எழுதியிருக்கிறார். முதல் படத்திலேயே கட்டி பளிச்சென்று தெரிகிறதே, பிறகு இதெல்லாம் எதற்கு? அந்தக் குழாய்க்குள் மறுபடி போகணுமா என்று அக்கா இரவெல்லாம் தூங்குவதில்லை. அவளுக்குப் பதில் சொல்ல எனக்கு விஷயம் தெரியவேண்டும்.

#2 காந்தக்கூடம்

நான் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன், 14 வருஷமாக இதே வேலை. ஸ்கேன் எடுக்கும் பக்கத்தை மட்டும் சொல்கிறேன், மற்றதை டாக்டர்கள் சொல்லட்டும்.

முதல் ஸ்கேன் ‘உள்ளே என்ன இருக்கிறது’ என்று பார்க்க எடுத்தது. இரண்டாவது ‘அங்கே எந்த வழியாகப் போவது’ என்று பார்க்க. இரண்டையும் எடுக்கும் விதமே வேறு. வழக்கமான ஸ்கேனில் ஒவ்வொரு வெட்டும் சுமார் 5 மி.மீ. தடிமன், வெட்டுக்கு வெட்டு கொஞ்சம் இடைவெளியும் விடுவோம். கட்டி இருக்கிறதா இல்லையா என்று சொல்ல அது தாராளம். நேவிகேஷனுக்கு 1 மி.மீ. தடிமனில், இடைவெளியே இல்லாமல், தலை முழுவதும் எடுக்க வேண்டும். முழுவதும் என்றால் மூளை மட்டுமில்லை. மூக்கு நுனி, இரண்டு காது, நெற்றித் தோல் எல்லாம் படத்துக்குள் வந்தாக வேண்டும். ஏனென்றால் ஆபரேஷன் மேஜையில் உங்கள் அக்காவின் முகத்தோலைத்தான் கம்ப்யூட்டர் இந்தப் படத்தோடு பொருத்திப் பார்க்கும். அப்படிப் பொருந்தினால்தான் டாக்டர் கையில் இருக்கும் கருவி நுனி மூளையில் எங்கே நிற்கிறது என்று திரையில் காட்ட முடியும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்த தப்பு ஒன்று இன்னும் மறக்கவில்லை. தலை அசையாமல் இருக்கட்டும் என்று இரண்டு பக்கமும் பஞ்சுத் திண்டை இறுக்கி வைத்தேன். படம் கண்ணாடி மாதிரி வந்தது. ஆனால் திண்டு அழுத்திய இடத்தில் கன்னமும் காதும் உள்ளே அமுங்கியிருந்தன. ஆபரேஷன் தியேட்டரில் அந்த முகம் அப்படி இருக்காதே! பொருத்தம் சரியாக வராமல் அந்த நோயாளியை மறுபடி கூப்பிட்டு எடுக்க வேண்டியதாயிற்று. அதிலிருந்து காதையும் கன்னத்தையும் தொடாமல் திண்டு வைக்கிறேன்.

சில இடங்களில் தலைத்தோலில் பொத்தான் மாதிரி சின்ன அடையாள வில்லைகளை ஒட்டி எடுப்பார்கள். அப்படி ஒட்டினால் ஆபரேஷன் வரை அதில் கை வைக்கக் கூடாது. ஒன்று நகர்ந்தாலும் உடனே சொல்லிவிடச் சொல்லுங்கள்.

#3 தையல்நூல்

நான் மூளை நரம்பியல் அறுவை மருத்துவர். உங்கள் அக்காவின் படங்களை நான் பார்க்கவில்லை, அதனால் அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று இங்கே சொல்ல மாட்டேன். நாங்கள் படத்தை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று மட்டும் எழுதுகிறேன்.

எம்.ஆர்.ஐ. என்றால் ஒரே படம் இல்லை. ஒரே தலையை வேறு வேறு கேள்வி கேட்டு எடுத்த பல படங்களின் கட்டு அது. டி1 படத்தில் மூளையின் மடிப்புகள் தெளிவாக இருக்கும், வழி பார்க்க அதுதான் அடிப்படை. அதையே கடோலினியம் என்ற கான்ட்ராஸ்ட் மருந்தை ரத்த நாளத்தில் ஏற்றி மறுபடி எடுத்தால், ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு எங்கே உடைந்திருக்கிறதோ அங்கே வெள்ளையாக ஒளிரும். வேகமாக வளரும் கட்டிகள் பெரும்பாலும் அந்தத் தடுப்பை உடைத்துவிடும். மெதுவாக வளரும் கிளையோமாக்கள் பல நேரம் உடைப்பதில்லை. உங்கள் ரிப்போர்ட்டில் ‘ஏறவில்லை’ என்றிருப்பதன் பொருள் அதுதான். ஆனால் ஒன்று, கான்ட்ராஸ்ட் ஏறாததால் மட்டும் குறைந்த கிரேடு என்று உறுதி சொல்ல முடியாது. கட்டியின் திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து, மரபணு மாற்றங்களையும் சோதித்த பிறகுதான் பெயர் வைக்கிறோம். 2021 உலக சுகாதார நிறுவன வகைப்பாடு அந்த மரபணு விவரத்தை இல்லாமல் முடியாததாகவே ஆக்கிவிட்டது.

கான்ட்ராஸ்ட் ஏறாத கட்டியின் எல்லையை ஃபிளேர் படத்தில்தான் பார்ப்போம். மூளையைச் சுற்றியுள்ள நீர் அதில் கறுப்பாகிவிடும், கட்டியும் வீக்கமும் வெள்ளையாக நிற்கும். டிஃப்யூஷன் படம் சீழ்க்கட்டியையும் புற்றுக்கட்டியையும் பிரித்தறிய உதவும், இரண்டும் கான்ட்ராஸ்டில் ஒரே மாதிரி வளையமாகத் தெரிந்து ஏமாற்றக்கூடியவை. பெர்ஃப்யூஷன் என்ற ஒன்று கட்டிக்குள் ரத்த ஓட்டம் எங்கே அதிகம் என்று காட்டும். பயாப்ஸி மட்டும் எடுப்பதாக இருந்தால் அந்த அதிகமான இடத்தைத்தான் குறிவைப்போம். சாதுவான ஓரத்தில் ஊசி போட்டுவிட்டு ‘பயமில்லை’ என்று அனுப்பிவிடக் கூடாதல்லவா.

இப்போது திட்டமிடுவதற்கு வருகிறேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் நான் திரை முன் உட்கார்ந்தால் முதலில் கட்டியைப் பார்ப்பதில்லை, நாளங்களைப் பார்ப்பேன். மேற்பரப்பில் ஓடும் பெரிய சிரை ஒன்று நான் நுழைய நினைக்கும் பள்ளத்தின் குறுக்கே கிடந்தால், வழியையே மாற்றிவிடுவேன். அந்தச் சிரை போனால் அது வடிகட்டும் பகுதி முழுவதும் வீங்கி ரத்தம் கசியும். அதற்குப் பிறகுதான் எந்த மடிப்பு, எந்தப் பள்ளம், எவ்வளவு ஆழம். எலும்பில் திறக்கும் ஜன்னல் எவ்வளவு பெரிது, தோலில் கோடு எங்கே என்பதெல்லாம் கடைசியில் தானாக வந்துவிடும். மேலோட்டமாகப் பார்ப்பவர்களுக்கு வெளியிலிருந்து உள்ளே போவதாகத் தோன்றும். திட்டம் போடுவது உள்ளிருந்து வெளியே.

உங்கள் அக்காவின் கட்டி இருக்கும் இடம் பேச்சோடு தொடர்புள்ள பகுதி. வலக்கைப் பழக்கம் உள்ளவர்களில் 90 சதவீதத்துக்கு மேலானோருக்கு மொழி இடது பக்கம்தான். மூளையில் எந்த இடம் எந்த வேலை செய்கிறது என்று காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ.யும், அடியில் ஓடும் நரம்பிழைகளைக் காட்டும் டி.டி.ஐ.யும் கேட்டிருப்பது அதனால்தான். கேட்டிருக்கிறார் என்பதே நல்ல அறிகுறி.

#4 கேள்விக்குறி

மன்னிக்க வேண்டும், இங்கே எல்லாம் நல்லபடியாகவே போகும் என்கிற தொனி எனக்கு ஒத்துவரவில்லை.

என் அப்பாவுக்கும் இதே நேவிகேஷன், இதே கலர் படம் எல்லாம் எடுத்தார்கள். கையை அசைக்கும் இடம் ஆரஞ்சு நிறத்தில், கட்டி அதற்கு முன்னால், ‘நடுவில் ஒரு செ.மீ. இருக்கிறது, பயப்படாதீங்க’ என்றார்கள். ஆபரேஷன் முடிந்து கண் விழித்தவருக்கு வலது கை எழவில்லை. ஆறு மாதம் பிசியோதெரபிக்குப் பிறகு முக்கால்வாசி திரும்பியது. இன்னமும் சட்டைப் பொத்தான் போட அம்மா வேண்டும். படத்தில் ஒரு செ.மீ. இருந்தது பொய்யா? இல்லை, நம்மைச் சமாதானப்படுத்தக் காட்டும் வண்ணமா அது? யாரையும் குற்றம் சொல்வதற்காகக் கேட்கவில்லை. நீலத்தும்பிக்கு முழு உண்மை தெரியவேண்டும்.

#5 அலைவரிசை

கேள்விக்குறி கேட்டது மிகச் சரியான கேள்வி. நான் மருத்துவர் இல்லை, இந்தப் படங்களை அலசும் மென்பொருள் ஆய்வில் இருப்பவன். அந்த வண்ணம் எப்படி வருகிறது என்று சொல்கிறேன்.

எஃப்.எம்.ஆர்.ஐ. நரம்புச் செல்லைப் பார்ப்பதில்லை. ரத்தத்தைப் பார்க்கிறது. ஆக்ஸிஜன் உள்ள ஹீமோகுளோபினும் அதை இழந்த ஹீமோகுளோபினும் காந்தப் புலத்தில் வேறு வேறாக நடந்துகொள்ளும். இதை வைத்து மூளையின் ரத்த ஆக்ஸிஜனைப் படமெடுக்கலாம் என்று 1990இல் காட்டியவர் செய்ஜி ஒகாவா. விரலை அசைத்தால் அந்தப் பகுதிக்குப் புது ரத்தம் பாய்கிறது, சிக்னல் கொஞ்சம் ஏறுகிறது. கொஞ்சம் என்றால் சில சதவீதம்தான். அதுவும் உடனே இல்லை, 5, 6 வினாடி கழித்து. அதனால்தான் அரை நிமிடம் அசை, அரை நிமிடம் சும்மா இரு என்று திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லி, கணக்குப் போட்டு அந்தச் சின்ன ஏற்றத்தைப் பிரித்தெடுக்கிறோம்.

பிரித்தெடுத்த பிறகு, எவ்வளவு ஏறினால் வண்ணம் பூசுவது என்று ஒரு வரம்பு வைக்க வேண்டும். அந்த வரம்பை வைப்பது மனிதன். கூட்டினால் ஆரஞ்சுப் புள்ளி சுருங்கும், குறைத்தால் விரியும். ஒரே நோயாளி, ஒரே தரவு, ஆனால் கட்டிக்கும் புள்ளிக்கும் இடையே உள்ள தூரம் ஒரு வரம்பில் 12 மி.மீ., இன்னொரு வரம்பில் 4 மி.மீ. என்று வருவதை என் திரையிலேயே பார்த்திருக்கிறேன். அதனால் ‘ஒரு செ.மீ. இருக்கிறது’ என்று யாராவது சொன்னால், அது அளவுகோல் வைத்து அளந்த ஒரு செ.மீ. இல்லை.

இதைவிட மோசமானது இன்னொன்று. கட்டிக்குப் பக்கத்தில் உள்ள ரத்த நாளங்கள் கெட்டுப்போயிருக்கலாம். நரம்பு வேலை செய்யும், ஆனால் ரத்தம் அதற்கேற்ப ஏறாது. படத்தில் அந்த இடம் காலியாகத் தெரியும். எது நமக்கு மிக முக்கியமோ, அந்தக் கட்டியின் ஓரத்தில்தான் இந்தக் கோளாறு வரும். ஆகவே வண்ணம் இருந்தால் அங்கே வேலை நடக்கிறது என்று ஓரளவு நம்பலாம். வண்ணம் இல்லாததை வைத்து அங்கே ஒன்றுமில்லை என்று நம்பவே கூடாது.

டி.டி.ஐ. வேறு கதை. மூளைக்குள் நீர் மூலக்கூறுகள் நரம்பிழைக் கட்டுகளின் நீளவாக்கில் சுலபமாக நகரும், குறுக்கே நகரக் கஷ்டப்படும். அந்த நகர்வின் திசையை அளந்து, புள்ளிக்குப் புள்ளி இணைத்து இழைகளாக வரைகிறோம். திசையை அளக்கும் முறையைப் பீட்டர் பாசரும் அவருடன் இருந்தவர்களும் 1994இல் தந்தார்கள், இழைகளாக வரைவது அதற்குப் பிறகு வந்தது. பார்க்க அழகாக இருக்கும், நிஜ நரம்பையே படம் பிடித்தது போல. ஆனால் இதில் அளக்க முடிகிற மிகச் சின்னப் பெட்டியே சுமார் 2 மி.மீ. அதற்குள் எத்தனையோ ஆயிரம் இழைகள் ஓடுகின்றன. இரண்டு கட்டுகள் குறுக்கே கடக்கும் இடத்தில் எளிய கணக்கு தடுமாறி இழையை அங்கேயே நிறுத்திவிடும். வீக்கம் இருந்தாலும் அப்படித்தான். காலுக்குப் போகும் இழை நன்றாகத் தெரிந்து, கைக்கும் முகத்துக்கும் போகிற பக்கவாட்டு இழைகள் விட்டுப்போவது இந்த முறையில் எல்லோருக்கும் தெரிந்த குறை.

அப்படியானால் எதற்கு எடுக்கிறார்கள் என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு பழைய மூளை பதில் சொல்கிறது. 1861இல் பாரிஸில் பால் புரோக்கா, ‘டான்’ என்ற ஓர் அசையைத் தவிர வேறெதுவும் பேச முடியாத நோயாளி இறந்ததும் அவர் மூளையைப் பார்த்தார். இடது முன்மடலின் கீழ்மடிப்பு கெட்டிருந்தது. பேச்சுக்கு அந்தப் பகுதிதான் இடம் என்று பாடப் புத்தகத்தில் ஏறிவிட்டது. புரோக்கா அந்த மூளையை வெட்டாமல் பத்திரப்படுத்தியிருந்தார். 2007இல் அதே மூளையை எம்.ஆர்.ஐ.யில் வைத்து எடுத்த படங்கள் வெளியாயின. சேதம் மேற்பரப்போடு நிற்கவில்லை, அடியில் ஓடும் நீண்ட இழைக்கட்டு வரை போயிருந்தது. நீலத்தும்பி, உங்கள் அக்காவுக்குக் கட்டி இருப்பதும் அந்த வட்டாரத்தில்தான். மேற்பரப்பு மட்டும் பார்த்தால் போதாது என்று டாக்டர் டி.டி.ஐ. கேட்டிருப்பதற்குக் காரணம் அடியில் ஓடும் அந்த இழைகள்தான்.

#6 தையல்நூல்

அலைவரிசை எழுதியதை என் மாணவர்களுக்கு அப்படியே வாசித்துக் காட்டலாம். 

கேள்விக்குறி, உங்கள் அப்பாவின் கோப்பைப் பார்க்காமல் காரணம் சொல்வது தவறு. ஆனால் நீங்கள் பார்க்கக்கூடிய ஒன்று இருக்கிறது. ஆபரேஷன் முடிந்த ஓரிரு நாளில் எடுத்த எம்.ஆர்.ஐ. இருந்தால், அதில் டிஃப்யூஷன் படத்துக்கான ரிப்போர்ட் வரியைத் தேடுங்கள். கட்டி எடுத்த குழியின் ஓரத்தில் ரத்த ஓட்டம் நின்று சிறு பகுதி கெட்டிருந்தால் அதில் வெள்ளையாகத் தெரிந்திருக்கும். தூரம் சரியாகவே இருந்தும், அந்த இழைகளுக்கு ரத்தம் கொடுக்கும் மெல்லிய தமனி போனதால் பலவீனம் வரலாம். இன்னொரு வகையும் உண்டு. முன்மடலின் உள்பக்கத்தில் அசைவைத் தொடங்கிவைக்கும் ஒரு பகுதி இருக்கிறது. அதை எடுத்தால் எதிர்ப்பக்கக் கையும் காலும் மரத்தது போலக் கிடந்து, வாரங்களிலோ மாதங்களிலோ பெருமளவு திரும்பிவிடும். இதில் எது என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை இருக்கிறது. கேட்டுப் பாருங்கள்.

#7 விழித்திருந்தவன்

ஏழு வருஷத்துக்கு முன்னால் எனக்கு இடது பக்கக் கட்டி. விழித்திருக்கும்போதே ஆபரேஷன் செய்தார்கள். நீலத்தும்பி, உங்கள் அக்காவுக்கும் அப்படிச் சொல்வார்கள் என்று நினைக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

மூளைக்கு வலி தெரியாது. தோலுக்கும் எலும்பைச் சுற்றியும் மரப்பு ஊசி போட்டுவிடுவார்கள். திறக்கும்போது தூங்கவைத்தார்கள், பிறகு எழுப்பினார்கள். எதிரே ஒரு திரை, பக்கத்தில் பேச்சுப் பயிற்சியாளர் அம்மா. ஒவ்வொரு படமாக வரும். ‘இது ஒரு’ என்று தொடங்கிப் பெயரைச் சொல்ல வேண்டும். இது ஒரு குடை. இது ஒரு ஏணி. இது ஒரு கத்தரிக்கோல். அதே நேரத்தில் டாக்டர் மூளையின் மேல் சின்ன மின்முனையை வைத்து எடுப்பார், எனக்கு அது தெரியவே தெரியாது.

திடீரென்று ஒரு படம் வந்தது. ஆமை. ஓடு தெரிகிறது, நாலு கால் தெரிகிறது, மெதுவாகப் போகும் என்று தெரிகிறது. ‘இது ஒரு… இது ஒரு…’ அதற்கு மேல் வரவில்லை. மின்முனையை எடுத்த மறுநொடி ‘ஆமை!’ என்று கத்தியே விட்டேன். அந்த அம்மா பிறகு விளக்கினார். ‘இது ஒரு’ வந்து பெயர் மட்டும் வராவிட்டால் அது பெயரைத் தேடும் இடம். ‘இது ஒரு’ என்பதே வராவிட்டால் அது வாயை, நாக்கை ஆளும் இடம். அதைப் பிரித்துப் பார்க்கத்தான் அந்த இரண்டு சொல்லையும் சொல்லச் சொல்கிறார்கள். அந்த இடத்தில் ஓர் எண் எழுதிய சின்னக் காகிதத் துண்டை வைத்துவிட்டு டாக்டர் நகர்ந்துவிட்டார்.

எனக்கு எஃப்.எம்.ஆர்.ஐ. காட்டிய புள்ளி இரண்டு. மேஜையில் கிடைத்த இடம் மூன்று. அந்த மூன்றாவது படத்தில் இல்லவே இல்லை.

அப்புறம் இது முக்கியம். எந்த மொழியில் சோதிக்கப் போகிறார்கள் என்று கேளுங்கள். அக்கா எந்த மொழியில் யோசிக்கிறாரோ, எந்த மொழியில் வகுப்பெடுக்கிறாரோ, அதிலெல்லாம் சோதிக்க வேண்டும்.

#8 காந்தக்கூடம்

விழித்திருந்தவன் அண்ணா கடைசியில் சொன்னதை இரண்டு முறை அடிக்கோடிட வேண்டும். எங்களிடம் எஃப்.எம்.ஆர்.ஐ.க்கு வரும் சோதனைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் தயாராக இருக்கும். ஒரு எழுத்தைக் காட்டி, அதில் தொடங்கும் சொற்களை மனதுக்குள் யோசிக்கச் சொல்லும். வீட்டில் முழுக்கத் தமிழ் பேசும் ஒரு பெரியவருக்கு அதையே போட்டு எடுத்தபோது மொழிப் புள்ளி மங்கலாக வந்தது. மறுநாள் தமிழில் ‘க’, ‘ப’ என்று எழுதிக் காட்டியும், ‘கதவு’ என்றால் ‘திற’, ‘பந்து’ என்றால் ‘எறி’ என்று வினைச்சொல் யோசிக்கச் சொல்லியும் எடுத்தோம். புள்ளி தெளிவாக வந்தது. அன்றைக்கு அவர் தலையும் குறைவாக அசைந்தது, பழகியும் இருந்தார். அதனால் மொழி ஒன்றுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு தமிழ்ச் சோதனை இல்லாமல் யாரையும் நான் உள்ளே அனுப்பியதில்லை.

உள்ளே யோசிக்க மட்டும்தான் வேண்டும், வாயைத் திறந்து சொல்லக் கூடாது. வாய் அசைந்தால் தலை அசையும், தலை அசைந்தால் எல்லாம் போச்சு. கை சோதனையில் கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களையும் ஒவ்வொன்றாகத் தொட வேண்டும், தோளும் முழங்கையும் அசையக் கூடாது. இதை வீட்டிலேயே படுத்துக்கொண்டு நாலு நாள் பழகச் சொல்லுங்கள். இந்த ஸ்கேனில் பாதி வேலை எங்கள் மிஷின் செய்வது, மீதிப் பாதி உங்கள் அக்கா செய்வது.

#9 நீலத்தும்பி

எல்லோருக்கும் மிக்க நன்றி. அக்காவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். ஆமைக் கதையை மட்டும் மூன்று முறை கேட்டாள். ‘அப்ப நான் சும்மா படுத்துக் கிடக்கிற ஆளில்லையா’ என்றாள். டீச்சர் அல்லவா, ஒரு பரீட்சை என்றதும் அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது. கட்டைவிரல் பயிற்சி நடக்கிறது.

இரண்டு சந்தேகம். கடோலினியம் ஊசி திரும்பத் திரும்பப் போட்டால் ஆபத்தா? அந்தக் குழாய்க்குள் மூச்சுமுட்டுகிற பயத்துக்கு என்ன செய்யலாம்?

#10 காந்தக்கூடம்

சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு இப்போது பயன்படுத்தும் வகைகளால் பெரிய தொல்லை வருவது அரிது. சிறுநீரகம் மிக மோசமாக இருப்பவர்களுக்குப் பழைய வகை மருந்துகளால் தோலும் திசுக்களும் இறுகிப்போகும் நோய் வந்திருக்கிறது, அதனால்தான் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை கேட்போம். துளியளவு மருந்து மூளையில் தங்குகிறது என்பது 2014 முதல் ஆய்வுகளில் வந்தது. அதனால் இன்ன தீங்கு என்று நிலைநாட்டப்படவில்லை. ஆனாலும் தேவையில்லாமல் போடக் கூடாது என்பதுதான் எல்லா இடத்திலும் வழக்கம். கர்ப்பமாக இருந்தாலோ, உடம்பில் பேஸ்மேக்கர், மூளை நாளக் கிளிப், காதுக்குள் வைத்த கருவி, கண்ணில் பட்ட இரும்புத்தூள் என்று எது இருந்தாலோ ஊசிக்கும் ஸ்கேனுக்கும் முன்பே சொல்லியாக வேண்டும்.

பயத்துக்கு: உள்ளே போகும் முன்பே கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். மொழிச் சோதனைக்குக் கண்ணைத் திறக்க வேண்டிவரும், அப்போது முகத்துக்கு மேல் ஒரு சாய்கண்ணாடி இருக்கும், அதில் வெளியே உள்ள திரைதான் தெரியும், குழாய் தெரியாது. கையில் ஒரு ரப்பர் பந்து கொடுப்போம், அமுக்கினால் உடனே பேசுவோம். மொத்தம் ஒரு மணி நேரம் ஆகலாம். ஆனால் நடுவில் ஒவ்வொரு படத்துக்கும் இடையே நிறுத்தம் உண்டு, எச்சில் விழுங்க அதுதான் நேரம். மயக்கம் கொடுத்து எடுத்தால் மொழிச் சோதனை செய்யவே முடியாது என்பதையும் சொல்லிவையுங்கள்.

#11 பனிமூட்டம்

நடுவில் வருகிறேன். சி.டி. ஸ்கேன் போதாதா? ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுமே.

#12 தையல்நூல்

எலும்பும் கால்சியப் படிவும் சி.டி.யில் நன்றாகத் தெரியும், எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாதவர்களுக்கு அதை வைத்தே நேவிகேஷன் செய்வதும் உண்டு. ஆனால் இந்த மாதிரிக் கட்டியின் ஓரம் சி.டி.யில் கிட்டத்தட்டத் தெரியாது.

நீலத்தும்பி, டாக்டரிடம் பேசும் முன் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நேவிகேஷன் படம் ஆபரேஷனுக்கு முந்தின மூளையின் படம். எலும்பைத் திறந்து, உறையைக் கிழித்ததும் மூளையைச் சுற்றியுள்ள நீர் வடியும். வீக்கம் குறைய மருந்து கொடுத்திருப்போம். கட்டியைப் பாதி எடுத்ததும் அந்தக் குழிக்குள் பக்கத்துச் சுவர் சாயும். மூளை அப்படியே அமிழ்கிறது, சில நேரம் ஒரு செ.மீ.க்கும் மேல். திரையில் கருவி நுனி கட்டிக்குள் இருப்பதாகக் காட்டும், கண்ணெதிரே பார்த்தால் நல்ல மூளையின் மேல் நிற்கும். இதனால் நான் ஆழமான எல்லையையும் முக்கியமான இழைக்குப் பக்கத்து எல்லையையும் நேவிகேஷன் இன்னும் உண்மை பேசும் ஆரம்பத்திலேயே அடையாளம் வைத்துக்கொள்வேன்.

ஆபரேஷன் நடக்கும்போதே எம்.ஆர்.ஐ. எடுத்தால் என்ன என்ற யோசனை இதிலிருந்து வந்ததுதான். பாஸ்டனில் பிரிகாம் மருத்துவமனையில் 1990களின் நடுவில், இரண்டு வளையங்களுக்கு நடுவே மருத்துவர் நின்று வேலை செய்யும்படி ஒரு மிஷினையே வைத்தார்கள். 2011இல் வெளியான ஒரு ஒப்பீட்டு ஆய்வில், கான்ட்ராஸ்ட் ஏறும் கட்டியை முழுதாக எடுக்க முடிந்தது இப்படி நடுவில் படம் எடுத்தவர்களில் 96 சதவீதம், எடுக்காதவர்களில் 68 சதவீதம். அலசப்பட்டவர்கள் 49 பேர்தான், சின்ன ஆய்வு. அந்த வசதி எல்லா இடத்திலும் இருக்காது. இல்லாத இடத்தில் அல்ட்ராசவுண்ட் வைத்து அவ்வப்போது பார்ப்போம். கட்டியை இளஞ்சிவப்பாக ஒளிரவைக்கும் 5-ஏ.எல்.ஏ. என்ற மருந்து உயர்ந்த கிரேடு கட்டிகளுக்கு நன்றாக உதவும், குறைந்த கிரேடில் பெரும்பாலும் ஒளிராது.

இவ்வளவு இருந்தும் பேச்சுப் பகுதியில் கடைசி வார்த்தை சொல்வது விழித்திருக்கும் நோயாளிதான். படம் எனக்கு எங்கே தேட வேண்டும் என்று சொல்கிறது. எங்கே நிறுத்த வேண்டும் என்று அவர் சொல்கிறார்.

ஆகையால் உங்கள் டாக்டரிடம் ‘எவ்வளவு எடுப்பீங்க’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘எது போனால் எடுப்பதை நிறுத்துவீங்க’ என்றும் கேளுங்கள். அதற்கு முன்னால் அக்காவிடமும் அதையே கேளுங்கள். வகுப்பில் நின்று சரளமாகப் பேசுவது அவருக்கு எவ்வளவு முக்கியம் என்று அந்தப் படங்கள் எதிலும் எழுதியிருக்காது.

#13 கேள்விக்குறி

அப்பாவின் பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். ஆபரேஷனுக்கு மறுநாள் எடுத்த ரிப்போர்ட்டில் டிஃப்யூஷன் வரி இருக்கிறது. குழியின் பின் ஓரத்தில் 8 மி.மீ. அளவில் ரத்த ஓட்டம் தடைப்பட்ட பகுதி. இரண்டு வருஷமாக அந்தக் காகிதம் எங்கள் அலமாரியில்தான் இருந்திருக்கிறது, யாரும் எங்களுக்கு வாசித்துச் சொல்லவில்லை. அப்பாவிடம் சொன்னேன். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘அப்ப நான் எக்சர்சைஸ் சரியா செய்யாததால இல்ல’ என்றார். இத்தனை நாள் அவர் அப்படி நினைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. நன்றி டாக்டர்.

#14 நீலத்தும்பி

ஸ்கேன் முடிந்தது. தமிழிலும் ஆங்கிலத்திலும் சோதனை வைக்கச் சொல்லிக் கேட்டோம், ஒத்துக்கொண்டார்கள். வெளியே வந்ததும் ‘ப-வில் 20 வார்த்தைக்கு மேல யோசிச்சுட்டேன்’ என்றாள்.

டாக்டர் படத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். மொழிப் புள்ளி கட்டியின் பின் விளிம்பை ஒட்டியே இருக்கிறது. நீண்ட இழைக்கட்டு கட்டியின் அடியில் வளைந்து போகிறது. தையல்நூல் சொன்ன கேள்வியைக் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்தார். ‘கொஞ்சம் கட்டி மிச்சம் இருந்தாலும் பரவாயில்லை, எனக்குப் பேசணும்’ என்றாள் அக்கா. அதை அவர் கோப்பில் எழுதிக்கொண்டார். விழித்திருக்கும் ஆபரேஷன்தான்.

#15 நீலத்தும்பி

ஆபரேஷன் முடிந்து இன்றைக்கு ஆறாவது நாள். இத்தனை பேர் கேட்டிருந்தீர்கள், பதில் எழுத இன்றுதான் முடிந்தது.

முதல் மூன்று நாள் வார்த்தை தேடித் தேடித்தான் வந்தது. ‘தண்ணி’ என்பதற்குப் பதில் கையைக் காட்டினாள். நாங்கள் பயந்து போனோம், ஆனால் இது வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். நேற்றிலிருந்து வாக்கியமாகப் பேசுகிறாள், மெதுவாக.

இரண்டாம் நாளே எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். பின் விளிம்பில் மெல்லிய பட்டையாகக் கொஞ்சம் விட்டிருக்கிறார்கள். அங்கே மின்முனை வைத்தபோது ‘இது ஒரு’ என்பதே அவளுக்கு வரவில்லையாம். டிஃப்யூஷன் வரியைக் கேட்டு வாங்கி வாசித்தேன் கேள்விக்குறி, சுத்தமாக இருக்கிறது. மற்றபடி குழியைச் சுற்றி வெள்ளையாகத் தெரிவதில் எது வீக்கம், எது கட்டி என்று இப்போது சொல்ல முடியாது, மூன்று மாதம் கழித்து எடுக்கும் படத்தோடு ஒப்பிட்டுத்தான் தெரியும் என்றார் டாக்டர். திசுப் பரிசோதனையும் மரபணுப் பரிசோதனையும் இன்னும் வரவில்லை.

விழித்திருந்தவன் அண்ணா, அக்காவுக்கும் ஆமைப் படம் வந்ததாம். ‘இது ஒரு ஆமை, இந்த ஆமையை எனக்கு முன்னாடியே தெரியும்’ என்றாளாம். அங்கே யாருக்கும் புரியவில்லை.

#16 விழித்திருந்தவன்

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் தங்கச்சி. சோர்வு இரண்டு மூன்று மாதம் இருக்கும், கூட்டத்தில் பேச்சைப் பின்தொடர்வது கஷ்டமாக இருக்கும். பேச்சுப் பயிற்சியை இந்த வாரமே தொடங்கச் சொல்லுங்கள். மூன்று மாத ஸ்கேனுக்குப் போகும்போது இந்த இரண்டாம் நாள் எம்.ஆர்.ஐ. படங்கள் உள்ள குறுந்தகட்டையும் கையோடு எடுத்துப் போங்கள், ஒப்பிட அதுதான் வேண்டும்.